கறுப்பு ஜம்பர் போட்ட பொண்ணு

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வேர்ச்சொல் வரும். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதன் பழைய பொருள் என்ன, எந்த மொழிக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று வாய் தானாகப் பேசத் தொடங்கிவிடும். படிப்பால் வந்த பழக்கம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் படித்ததும், கீழப்பாவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சொல்லிக்கொடுப்பதும் வணிகவியல். அதற்கும் இந்த வியாதிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. தென்காசியில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் நான், "காய்ச்சல்னா காயுறதுதான் டாக்டர். வெயில் காயுறதும் நிலாக் காயுறதும் இதே சொல்லுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "சார், பிள்ள காலப் பிடிங்க" என்றார் அவர். அவளைச் சென்னைக்குப் படிக்க அனுப்பிய அன்று ரயில் நிலையத்தில், விடுதி என்ற சொல்லுக்குள் 'விடு' என்பது இருப்பதைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். "ஏங்க, வண்டி கெளம்புது. மொதல்ல பெட்டிய ஏத்துங்க" என்றாள் மனைவி. ரயில் போன பிறகு நடைமேடையில் நின்று நான் அழுதேன். அப்போது எந்தச் சொல்லும் வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

போன சீசனில் அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்ளூர்க்காரர்கள் சனி, ஞாயிறுகளில் குற்றாலத்துக்குப் போவதில்லை. அவை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த நாட்கள். ஆனால் மறுநாள் அவளுக்கு ரயில். இருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

காலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து வந்தாள். கீழே கறுப்பு டிராக் பேன்ட். மேலேயும் கறுப்பில் ஒன்று. முழுக்கை. கழுத்து ஒழுங்காக மூடியிருந்தது. இடுப்புக்குக் கீழே கொஞ்சம் இறங்கியும் இருந்தது. குறை சொல்லலாம் என்று பார்த்தால் எந்த இடமும் அகப்படவில்லை. ஆனால் தோலின் மேல் இன்னொரு தோல் மாதிரி ஒட்டியிருந்தது.

'இதைப் போட்டுக்கொண்டா அருவிக்கு வருகிறாய்' என்று கேட்டிருந்தால் நேரான அப்பன். நான் கேட்டது வேறு.

"இதுக்கு என்ன பேரு?"

"டாப்புப்பா."

"டாப்னா மேல உள்ளதுன்னு அர்த்தம். தொப்பியும் மேலதான் இருக்கு. கூரை ஓடும் மேலதான் இருக்கு. இதுக்குன்னு ஒரு பேரு இருக்கும்லா?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். "எம்மா, இவிய ஆரம்பிச்சிட்டாவ."

மனைவி சட்னிக் கிண்ணத்தோடு வந்து மகளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு? எங்க ஊர்ல இதத்தான் ஜம்பர்னு சொல்லுவாவ. எங்க அத்த சேலைக்கு இப்பிடித்தான் பிடிக்கப் பிடிக்கத் தச்சுப் போட்டிருப்பாவ."

அவளுக்குச் செங்கோட்டை. ஒரு காலத்தில் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கே வயதான பெண்களுக்கு ரவிக்கையும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை, ஜம்பர்தான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் முதல்முறை கேட்டபோது யாரோ உயரம் தாண்டும் போட்டிக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் உடைக்குப் பெயர் கிடைத்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. தட்டில் கை காயக் காயப் பேசினேன். ரவிக்கை தெலுங்கிலிருந்து வந்ததாக அகராதி சொல்கிறது. ஜாக்கெட் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்தது. சட்டை என்ற சொல்லைப் பாம்பு உரித்துப் போடுவதற்கும் சொல்கிறோம். உடம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற துணிக்கு நம்மிடம் இருக்கும் பெயர்களில் எத்தனையோ எங்கெங்கிருந்தோ வந்தவை. அப்படியானால் ஜம்பர்? குதிப்பவர்கள் போட்டதாக இருக்குமோ?

"குதிக்கத்தான் போறேன். கெளம்புங்க" என்றாள் மகள்.

கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. "நனைஞ்சா ஒட்டும்லா?" என்றேன்.

"எப்பா, நனைஞ்சா ஒட்டும்னு சொல்லுதிய. இது இப்பமே ஒட்டித்தான இருக்கு? சுடிதார்தான் நனைஞ்சா ஒட்டும். நைட்டி தண்ணிக்குள்ள போனா பலூன் மாதிரி மேல ஏறும். இது போனது போல திரும்பி வரும்."

பொறியியல் படிக்கிற பிள்ளை. உண்மையில் எனக்குத் துணி பயமில்லை. பாசி பிடித்த பாறை பயம், கூட்டம் பயம், கூட்டத்தில் உயர்த்திப் பிடித்திருக்கும் கைப்பேசிகள் பயம், மலைக்கு மேலே நமக்குத் தெரியாமல் பெய்கிற மழை பயம். இத்தனையையும் சொன்னால் கோழை என்பார்கள் என்று ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மனைவி அலுவலகத்துக்குக் கிளம்பும்போது ஒரு சமரசம் ஆயிற்று. அருவி வரைக்கும் மேலே என்னுடைய பழைய கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு முழங்கால் வரை வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் என்ன உடுத்தியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். விடுமுறை நாட்களில் நான் வெள்ளை ஜிப்பா போடுகிறவன். தொளதொளவென்று, காற்றோட்டமாக, தொப்பையை யாருக்கும் அறிவிக்காமல் இருக்கும். கண்ணியமான உடை என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயம் மட்டும்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

மெயின் அருவிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தோம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து நான் ஓதி வருகிற ஒரு விதி உண்டு. திருவிழாவோ கடைவீதியோ, கூட்டத்தில் பிரிந்துபோனால் தேடி அலையக் கூடாது, வண்டிப் பக்கம் போய் நிற்க வேண்டும், நான் வருகிறவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அன்றைக்கும் ஓதினேன். அவள் என்னோடு சேர்ந்து அதே ராகத்தில் ஒப்பித்தாள்.

அருவிக்குக் குடும்பமாக வருகிறவர்களில் ஒருவர் துணிக்குக் காவல் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான். அவள் என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கைப்பேசியைக் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குப் பத்தடிக்கு அப்பால் இருக்கிற மனிதர்கள் எல்லாரும் கொடியில் காய்கிற துணிகள்தாம். எல்லாவற்றையும் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"நீங்க குளிக்கலியா?"

"யாராவது தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கணும்லா?"

இது நடிப்பில்லை. நான் தண்ணீரைப் பார்க்கிறவன். அருவி வெள்ளையாக விழுகிறவரை பயமில்லை. நிறம் லேசாக மண்ணுக்கு மாறினால், சருகும் சுள்ளியும் கூட வந்தால், மேலே மழை என்று அர்த்தம். உடனே வெளியே வந்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த முதுகுகளோடு ஆண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட, நான் மட்டும் ஜிப்பாவோடு ஒரு ஓரத்தில் நின்று அருவியை முறைத்துக்கொண்டிருப்பேன். ஏதோ அது எனக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பது போல.

பெண்கள் பக்கத்தில் நைட்டிகளுக்கும் சுடிதார்களுக்கும் நடுவில் அவளுடைய கறுப்பு தனியாகத் தெரிந்தது. தண்ணீருக்குள் தலையைக் கொடுப்பதும், மூச்சு வாங்க வெளியே வருவதும், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணோடு சேர்ந்து சிரிப்பதும் தெரிந்தது. ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் தலையில் விழுகிற தண்ணீரே பெரிய காரியமாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் நான் கைப்பேசியை எடுத்தேன்.

காலையிலிருந்து ஜம்பர் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. தேடினேன். குதிப்பதற்கும் அதற்கும் உறவில்லை என்று போட்டிருந்தது. ஆங்கிலேயர்களின் பழைய பேச்சில் குட்டைச் சட்டை ஒன்றுக்கு 'ஜம்ப்' என்று பெயராம். அது பிரெஞ்சு மொழியில் 'ஜூப்' என்றிருந்த ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். அந்த 'ஜூப்' எங்கிருந்து வந்தது என்றால், அரபியில் நீளமான மேலங்கிக்குச் சொல்கிற 'ஜுப்பா'விலிருந்து.

ஜுப்பா! நான் குனிந்து என் ஜிப்பாவைப் பார்த்தேன். அரபு நாட்டிலிருந்து கிளம்பிய ஒரு மேலங்கி, ஒரு வழியாக நடந்து வந்து என் மேல் தொளதொளவென்று கிடக்கிறது. இன்னொரு வழியாகக் கடலெல்லாம் சுற்றி, குறுகி, இறுகி, திருவிதாங்கூரில் கரையேறி, செங்கோட்டை அத்தைமார் மேல் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். மகள் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தேன்.

விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அருவி வெள்ளையாக இல்லை. டீயின் நிறத்தில், நான் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கத்திக்கொண்டே ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஈர உடம்புகள் என்மேல் மோதிக்கொண்டு ஓடின. யாருடைய எண்ணெயோ என் கையெல்லாம் ஒட்டியது. ஆண்டுக்கணக்காக நான் காவல் காத்த தண்ணீர், நான் தலையைக் குனிந்த நேரமாகப் பார்த்து நிறம் மாறியிருக்கிறது.

பெண்கள் பக்கம் ஓடினேன். அங்கே ஒரு பெண் போலீஸ் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"அண்ணாச்சி, லேடீஸ் பக்கம். அங்கிட்டுப் போங்க."

"எம் மக உள்ள இருக்கா."

"உள்ள ஒருத்தரும் கெடையாது. எல்லாரையும் ஏத்தியாச்சு."

அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே யாரும் இல்லை. ஷாம்பு உறைகள் மிதந்து வந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மகள் நின்ற இடத்தில் பழுப்புத் தண்ணீர் குதித்து, பாறையைச் சுற்றி, கீழே போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று நான் கண்ணால் தொடர்ந்தேன். அதை இன்றுவரை தொடர்ந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எல்லாரும் வந்துட்டாவளா? எண்ணிப் பாத்தியளா?"

"எண்ணி உள்ள விட்டாத்தான அண்ணாச்சி எண்ணி வெளிய எடுக்க முடியும்? பதறாதிய. யாரும் தண்ணியோட போகல. நாங்க பாத்துக்கிட்டுத்தான நிக்கோம்."

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதனால் அந்த வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மகளைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். என் தோளில் தொங்கிய பை பாடியது. எடுக்கவில்லையே என்று மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் பை பாடியது. பெண் போலீஸ் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க பைதான் அடிக்கி."

அவளுக்கு என் மேல் இரக்கம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கையைப் பிடித்து, மைக் வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகளின் பெயரைக் கேட்டாள், சொன்னேன். அவள் பிறந்த சமயத்தில் எங்கள் பக்கம் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான்.

"இந்தப் பேர்ல காலைல இருந்தே கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன டிரஸ்?"

"கறுப்பு."

"கறுப்புல என்ன? நைட்டியா, சுடிதாரா?"

"இல்ல. மேல போடுதது. இடுப்பு வரைக்கும். கொஞ்சம் இறுக்கமா..."

"டீ சர்ட்டா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் எனக்கு அப்போது பயம் உச்சிக்கு ஏறியிருந்தது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"டீ சர்ட்னு சொல்ல முடியாது. அது தொளதொளன்னு இருக்கும்."

"அப்ப டாப்ஸா?"

"டாப்ஸ்ங்கது பொதுவான பேரு. மேல உள்ளது எல்லாமே..."

"அண்ணாச்சி," என்றாள் அவள், மைக்கைக் கீழே இறக்கி. "ஒங்களுக்குப் பிள்ளயக் காணமா, இல்ல டிரஸ்ஸக் காணமா?"

"ஜம்பர்" என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அவளுடையது சிவகிரிப் பக்கத்துப் பேச்சு. பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருத்தி, "சட்டையத்தான் சொல்லுதாவ. சேலைக்குப் போடுவோம்லா, அது" என்று உதவிக்கு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சேலை என்ன கலரு?" என்றாள்.

"சேலை இல்ல."

"எய்யா! சேலை இல்லாமலா கூட்டிக்கிட்டு வந்தீரு?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பேன்ட் இருக்கு! பேன்ட் போட்டிருக்கா!" என்று கத்தினேன். அந்த ஒரு கணம் அருவிச் சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. பெண் போலீஸ் மைக்கை வாய்க்குக் கொண்டு போனாள். முகத்தை எப்படியோ அடக்கிக்கொண்டாள்.

"கவனிக்கவும். கறுப்பு கலர் ஜம்பரும் பேன்ட்டும் போட்ட பொண்ணு, எங்கன இருந்தாலும் மைக் இருக்க எடத்துக்கு வரவும். ஒங்க அப்பா தேடுதாவ. கறுப்பு ஜம்பர். கறுப்பு ஜம்பர் போட்ட பொண்ணு."

கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஜம்பர், ஜம்பர் என்றன. நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடைகள் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் வரவில்லை. மழை தூறலாக ஆரம்பித்து, பிறகு நன்றாகவே பிடித்துக்கொண்டது. நான் நனைந்துகொண்டே கூட்டத்தில் கறுப்பைத் தேடினேன். ஈரமானால் எல்லா நிறமும் கறுப்பாகிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. நீலம், பச்சை, மெரூன் எல்லாம் ஓர் அரைக்கணம் என் மகளாக இருந்தன, பிறகு வேறு யாருடைய மகளாகவோ ஆகிவிட்டன.

மறுபடியும் ஒருமுறை அறிவித்துவிட்டுப் பெண் போலீஸ் கேட்டாள். "பிரிஞ்சு போனா எங்கன நிக்கணும்னு பிள்ளகிட்டச் சொல்லி வச்சிருந்தியளா?"

"சொல்லாம இருப்பேனா? சின்னப் பிள்ளைல இருந்தே சொல்லியிருக்கேன். வண்டிப் பக்கம் போய் நிக்கணும். நான் வாற வரைக்கும் நகரக் கூடாது."

"நல்லது. அங்கன போய்ப் பாத்தியளா?"

நான் வண்டி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஓடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

ஜிப்பா காலைத் தட்ட ஓடினேன். செருப்பு எங்கேயோ போயிற்று. ஒலிபெருக்கி எனக்குப் பின்னால் இன்னொரு முறை, "கறுப்பு ஜம்பர்" என்றது.

ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நின்றது.

கைகளைக் கட்டிக்கொண்டு, உதடு நீலம் பூத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டத்தில் போகிறவரை என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவள் முகம் ஒரு மாதிரி உடைந்தது. பிறகு அதை ஒட்டவைத்துக்கொண்டு கோபமாக மாற்றினாள்.

"மைக்குலயா? ஜம்பரா? எப்பா, நீங்கள்லாம் ஒரு மனுசரா?"

"கேட்டுச்சுன்னா ஏன் வரல?"

"எப்பிடி வர? வந்தா அந்த ஜம்பர் இவதான்னு ஊருக்கே தெரிஞ்சிரும்லா? இங்க நிக்கிற ஆட்டோக்காரங்க எல்லாம் யாருல அது ஜம்பர்னு தேடிக்கிட்டு இருக்காங்க." பிறகு குரல் இறங்கியது. "நகரக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிருக்கிய. போலீஸ் விசில் அடிச்சதுமே நான் வந்துட்டேன். வந்து எவ்வளவு நேரமா நிக்கேன். நீங்க வரல."

நான் பையைத் திறந்து கண்ணாடியைக் கொடுத்தேன். அதை ஈரக் கையாலேயே துடைக்கத் தொடங்கினாள்.

"நீங்க தண்ணிக்குள்ள எறங்கிருப்பியளோன்னு நெனச்சேன்" என்றாள். "என்னயத் தேடி. ஒங்களுக்கு நீச்சலும் தெரியாது. யார்ட்டயாவது சொல்லலாம்னா, நான் போனப்ப நீங்க இங்க வந்துட்டா என்ன செய்யன்னு நின்னேன். பெறவு மைக்குல ஜம்பர்னு கேட்டுச்சு. அப்பந்தான் மூச்சே வந்துது. ஒலகத்துல வேற யாரு சொல்லுவா அத? எங்க அப்பா தண்ணிக்குள்ள இல்ல, மைக்குப் பக்கத்துல நின்னு யார்ட்டயோ அர்த்தம் சொல்லிக்கிட்டு இருக்காவன்னு தெரிஞ்சு போச்சு."

அவள் போலீஸ் கண்ணுக்குத் தப்பி வெள்ளத்தோடு போய்விட்டாளோ என்று நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் என்னைப் பற்றி அதே தண்ணீரை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தப் பயத்தை நான் அவளுக்கு எப்போது கொடுத்தேன் என்று யோசித்தேன். மூக்கைப் போலவே அதுவும் என் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை. மழையில் ஊறிய ஜிப்பா என் உடம்போடு ஒன்றாகியிருந்தது. தொப்பை, தொப்புள், பனியனின் ஓட்டை, நான் இத்தனை காலமும் ரகசியமாக வைத்திருந்த எல்லாம் குற்றாலத்துக்கே தெரிந்தன. அன்று அந்த ஊரில் என்னைவிட ஒட்டிய உடை போட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

"எப்பா," என்றாள், பல் தந்தியடிக்க. "ஒங்க ஜம்பர் நல்லா இருக்கு."

அகராதிப்படி அது சரி என்று அவளுக்குத் தெரியாது. அரபி, பிரெஞ்சு, செங்கோட்டை எல்லாம் என் வாய் வரை வந்தன. முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினேன். கட்டம்போட்ட சட்டையை அவள் குளிருக்காக மேலே போட்டுக்கொண்டாள், நான் சொல்லவில்லை. வழியெல்லாம் பின்னாலிருந்து என் ஜிப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிடிக்க அதில் துணி கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அலுவலகத்தில் ஒருத்தியின் தங்கச்சி அன்று அருவிக்குப் போயிருந்தாளாம். "யாரோ ஒரு கோட்டிக்கார அப்பனாம். பிள்ளையத் தொலச்சிட்டு மைக்குல ஜம்பர், ஜம்பர்னு கத்த விட்டிருக்கான். ஆபீஸ்ல சிரிச்சுச் சிரிச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கொடியில் காய்ந்த கறுப்பைப் பார்த்து நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காய்ந்துவிட்ட அவள் தலையைத் தன் சேலை முந்தானையால் வெகுநேரம் துவட்டினாள்.

மகள் மறுநாள் சென்னைக்குப் போய்விட்டாள். எனக்கு இன்னும் சரியாகவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். மனைவி இப்போதெல்லாம் அடுப்பைப் பற்றவைத்ததும், "பருப்புதான் வச்சிருக்கேன்" என்று முன்கூட்டியே அறிவிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதும் பாடவேளையில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். டீ குடிப்பதைக்கூடக் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தேன், நிறத்துக்காக. இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லவில்லை. மனைவி சொல்லியிருப்பாள்.

சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் மகள் போய்க் கொஞ்ச நாளில், காலையில் ஒரு செய்தி வந்தது. 'இன்னைக்கு ஜம்பர் இல்ல. மஞ்ச சுடிதார். அடையாளத்துக்கு.' கேலிதான். வகுப்புக்குப் போகும் முன்னால் அனுப்பியிருந்தாள். மறுநாளும் வந்தது. 'நீல ஜீன்ஸ், கோடு போட்ட ஷர்ட். மைக்குல சொல்லும்போது திக்காதிய.' அதற்குப் பிறகு நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கேலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது நிறமும் துணியும் மட்டும் வருகிறது. சில நாள் எனக்குத் தெரியாத பெயராக இருக்கும். அது எங்கிருந்து வந்த சொல் என்று பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தச் செய்தி வந்த பிறகுதான் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்குகிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. ஆய்க்குடிக்கு ஒரு வேலையாகக் கிளம்பி, ஸ்கூட்டரை வெளியே எடுத்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

'அங்கன மழையாமே, அம்மா சொன்னா. வண்டில போறியளா? என்ன டிரஸ்? அடையாளத்துக்குக் கேக்கேன்.'

குனிந்து என் வெள்ளை ஜிப்பாவைப் பார்த்தேன். வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே தோள்பக்கம் ஒட்டத் தொடங்கியிருந்தது. திரையில் விழுந்த துளியைத் துடைத்துவிட்டு எழுதினேன்.

'வெள்ளை ஜம்பர்.'